வீரரின் மனமும் காப்பீட்டுப் பத்திரமும்

கால்பந்துத் திடலில் ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டக்காரர் ஒருவர் கால் இடறி விழுகிறார். அடுத்த கணம் நடுவர் ஊதலை ஊதுகிறார். ஆட்டம் நிற்கிறது. மருத்துவர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார். பின்னாலேயே ஸ்ட்ரெச்சர் வருகிறது. திடலைச் சுற்றியிருக்கும் பல்லாயிரம் மக்கள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்க்கின்றனர். விழுந்தவர் எழுந்து நொண்டியவாறு இரண்டடி வைத்தால், எதிர் அணியின் அன்பர்களும் கைதட்டுகின்றனர். விழுந்தது கால் என்றால் இத்தனையும் நடக்கிறது. விழுந்தது மனம் என்றால் என்ன நடக்கிறது? ஊதல் ஒலிப்பதில்லை. ஒருவரும் ஓடி வருவதில்லை. ஆட்டம் நடந்துகொண்டே இருக்கிறது.

விளையாட்டையே தொழிலாகக் கொண்டவர்களுக்குத் தனியார் மருத்துவக் காப்பீடு மனநலத்தில் எந்த அளவுக்குத் துணை நிற்கிறது, எந்த இடத்தில் கைவிடுகிறது என்பதே இன்று நான் உங்களோடு பேச எடுத்துக்கொண்ட பொருள். கேட்ட அளவில் இது வழக்கறிஞர்களுக்கும் கணக்கர்களுக்கும் உரிய செய்தி போலத் தோன்றலாம். உண்மை அதுவன்று. உங்களுள் சிலர் நாளை நாட்டுக்காகக் களம் இறங்கப் போகிறவர்கள். வேறு சிலர் காப்பீட்டு நிறுவனங்களில் அமர்ந்து விதிகளை வகுக்கப் போகிறவர்கள். எஞ்சிய நாம் அனைவரும் பார்வையாளர்கள். இம்மூவகையினருக்கும் இதில் பங்கு உண்டு.

உள்ளமும் உடம்பும் ஒன்றையொன்று பற்றி நிற்பவை என்பது தமிழர்க்குப் புதிய செய்தி அன்று. தொல்காப்பியர் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்றே ஓர் இயல் வகுத்தார். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளை அதிலே எண்ணிக் காட்டினார். உள்ளத்தில் நிகழ்வது மெய்யின்கண் வெளிப்படுவதே மெய்ப்பாடு. இந்த எட்டும் ஒரே மாலைப்பொழுதில் ஒருவரை மாறி மாறித் தாக்குகின்ற தொழில் ஒன்று உண்டென்றால், அது விளையாட்டே ஆகும்.

அத்தொழிலின் இயல்பைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஆசிரியர் ஒருவர் முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகள் பணி செய்யலாம். விளையாட்டு வீரரின் பணிக்காலமோ பெரும்பாலும் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் முடிந்துவிடுகிறது. அந்தச் சில ஆண்டுகளும் உறுதியானவை அல்ல. அணித் தேர்வில் பெயர் விடுபடலாம். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் போகலாம். ஒரு தசைநார் அறுந்தால் ஓர் ஆண்டு வீணாகலாம். வீட்டை விட்டு மாதக்கணக்கில் விடுதிகளில் தங்க வேண்டும். நாம் அலுவலகத்தில் செய்யும் பிழையை நம் மேலதிகாரி ஒருவரே அறிவார். வீரர் செய்யும் பிழையை நாடே பார்க்கிறது. மறுநாள் வரையில் அதைப் பேசிக்கொண்டும் இருக்கிறது.

இதன் விளைவை ஆய்வாளர்கள் அளந்து பார்த்திருக்கின்றனர். 2019ஆம் ஆண்டில் பிரிட்டனின் விளையாட்டு மருத்துவ இதழ் ஒன்றில், அதுவரை நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய கட்டுரை வெளியாயிற்று. உயர்நிலையில் ஆடிக்கொண்டிருக்கும் வீரர்களுள் 34 விழுக்காட்டினரிடத்தும், ஓய்வு பெற்றவர்களுள் 26 விழுக்காட்டினரிடத்தும் பதற்றம் அல்லது மனச்சோர்வுக்குரிய அறிகுறிகள் காணப்பட்டன என்று அது கூறுகிறது. அறிகுறி வேறு, நோய் வேறு என்பதை நாம் மறத்தல் ஆகாது. ஆயினும் மூவரில் ஒருவர் என்பது சிறிய எண் அன்று. பதினொருவர் கொண்ட அணியில் மூவர் நால்வர் என்று அதற்குப் பொருள்.

தோற்றவர்க்குத்தான் இத்துன்பம் வரும் என்று நினைப்பவர்களும் உளர். அபினவ் பிந்திரா 2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதலில் தங்கம் வென்றார். தனிநபர் போட்டியில் இந்தியர் ஒருவர் பெற்ற முதல் ஒலிம்பிக் தங்கம் அது. தம் வாழ்வின் பெரிய மன நெருக்கடி தோல்வியின்போது அன்று, அந்த வெற்றிக்குப் பின்னரே வந்தது என்று அவரே பிற்காலத்தில் கூறியிருக்கிறார். பல்லாண்டுகள் ஒரே குறியை நோக்கி வாழ்ந்தவருக்கு அந்தக் குறி கைக்கு வந்தபின், நாளைக் காலையில் எதற்காக எழுவது என்ற கேள்வி எழுந்தது. விராட் கோலி 2014ஆம் ஆண்டின் இங்கிலாந்துப் பயணத்தின்போது தமக்கு நேர்ந்த மனச்சோர்வைப் பற்றி 2021இல் வெளிப்படையாகப் பேசினார். சுற்றிலும் துணைவர் பலர் இருந்தும் தாம் தனியராக உணர்ந்ததையும், தேர்ந்த வல்லுநரின் உதவி அத்தகைய நேரத்தில் தேவை என்பதையும் அவர் எடுத்துரைத்தார்.

இன்னொரு வரலாறு நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. இங்கிலாந்தின் தொடக்க ஆட்டக்காரர் மார்க்கஸ் டிரெஸ்கோதிக் 2006 பிப்ரவரியில் இந்தியப் பயணத்தின் நடுவே திடீரென்று தாயகம் திரும்பினார். அப்போது சொந்தக் காரணம் என்றார்கள். பிறகு ஏதோ தொற்றுக்கிருமி என்றும் சொல்லப்பட்டது. உண்மையில் அவரைப் பிடித்திருந்தவை பதற்றமும் மனச்சோர்வும் ஆகும். 2008இல் தம் வாழ்க்கை வரலாற்று நூலில் அதனை ஒளிவின்றி எழுதினார். கிருமி என்றால் உலகம் ஏற்கும், மனம் என்றால் ஏற்காது என்ற அச்சம் ஓர் உலகப் புகழ் பெற்ற வீரரையே உடம்பின் மேல் பழி போட வைத்தது. இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். காப்பீட்டைப் பற்றிப் பேசும்போது இதற்கு மீண்டும் வருவோம்.

இனிக் காப்பீடு என்பது யாது என்று பார்ப்போம். நம் ஊர்களில் சீட்டுக் கட்டும் வழக்கத்தை நீங்கள் அறிவீர்கள். இருபது பேர் மாதந்தோறும் பணம் போட்டு, முறை வைத்து ஒவ்வொருவராக எடுத்துக்கொள்வார்கள். காப்பீடும் பலர் சேர்ந்து போடும் பொதுப்பணமே. வேறுபாடு என்னவென்றால், இங்கே முறை வைத்து எவரும் எடுப்பதில்லை; துன்பம் வந்தவர் மட்டுமே எடுக்கிறார். மற்றவர்களுக்குப் பணம் திரும்புவதில்லை. மன நிம்மதியே அவர்கள் பெறும் ஊதியம். ஆகவே எதனைத் துன்பம் என்று ஏற்பது, எதனை ஏற்காமல் விடுவது என்பதே காப்பீட்டின் உயிர்நிலை. அதனை எழுதி வைத்த ஏடே நாம் பாலிசி என்று வழங்கும் பத்திரம். அதன் முதற்பக்கத்தில் பெரிய எழுத்தில் தொகை இருக்கும். உள்ளே சிறிய எழுத்தில் விலக்குகள் இருக்கும்.

அந்த விலக்குகளின் பட்டியலில் மனநோய் நெடுங்காலம் இடம்பெற்றிருந்தது. நம் நாட்டின் மருத்துவக் காப்பீட்டுப் பத்திரங்களில் பெரும்பாலானவை அதற்குப் பணம் தருவதில்லை என்றே கூறிவந்தன. காரணம் தேட வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. சென்னைக் கீழ்ப்பாக்கத்து மனநல மருத்துவமனையின் வரலாறு 1794ஆம் ஆண்டில் தொடங்குகிறது. இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் எத்தனையோ குடும்பங்களின் கண்ணீரைத் துடைத்த இடம் அது. ஆனால் நம்முடைய பேச்சில் அந்த ஊரின் பெயர் என்னவாக ஆகிவிட்டது? பள்ளி மைதானத்தில் ஒருவரையொருவர் கேலி செய்யும் சொல்லாக ஆகிவிட்டது. சமுதாயம் எதைக் கேலி செய்கிறதோ அதைக் காப்பீடும் விலக்கி வைத்தது என்பதில் வியப்பில்லை.

இந்நிலையை மாற்றியது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். 2018 மே 29ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. அதன் 21ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு, காப்பீட்டு நிறுவனம் ஒவ்வொன்றும் உடல்நோய்ச் சிகிச்சைக்கு எந்த அடிப்படையில் காப்பீடு அளிக்கிறதோ அதே அடிப்படையில் மனநோய்ச் சிகிச்சைக்கும் அளித்தல் வேண்டும் என்று விதிக்கிறது. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் இதனைப் பின்பற்றுமாறு நிறுவனங்களுக்கு ஆணையிட்டது. எல்லாரும் உடனே பின்பற்றிவிடவில்லை. 2022 அக்டோபரில் ஆணையம் மறுபடியும் எழுதி, அம்மாத இறுதிக்குள் எல்லாப் பத்திரங்களும் சட்டத்துக்கு இணங்கியிருத்தல் வேண்டும் என்று கூற நேர்ந்தது. எவ்வாறாயினும் மனமும் உடம்பும் காப்பீட்டின் முன் சமம் என்ற நெறி இன்று நம் நாட்டின் சட்டம். இது பெரிய வெற்றி.

ஆனால், மாணவ நண்பர்களே, சமம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நாம் இன்னொரு கேள்வியையும் கேட்டாக வேண்டும். எதனோடு சமம்?

நம் நாட்டில் மருத்துவக் காப்பீடு என்பது பெரும்பாலும் மருத்துவமனைப் படுக்கையைச் சுற்றி எழுப்பப்பட்டது. 2020 ஏப்ரலில் எல்லா நிறுவனங்களும் ஒரே வடிவில் அளிக்கவேண்டும் என்று ஆணையம் வகுத்த ஆரோக்கிய சஞ்சீவனி என்னும் பத்திரத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். பொதுவாக 24 மணி நேரமாவது நோயாளி மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றால் அது பணம் தரும். சேர்வதற்கு முன் 30 நாட்களுக்கும், வெளிவந்தபின் 60 நாட்களுக்கும் ஆகும் தொடர்புடைய மருத்துவச் செலவுகளையும் ஏற்கும். தங்காமல் புறநோயாளியாக வந்து போகிறவருக்குத் தராது. உடல்நோய்க்கும் அப்படித்தான், மனநோய்க்கும் அப்படித்தான். சட்டம் கேட்ட சமத்துவம் அங்கே இருக்கிறது. பயன்தான் இல்லை.

ஏனென்றால் அறுந்த தசைநாரைத் தைக்கப் படுக்கை வேண்டும். உடைந்த எலும்பைச் சேர்க்கப் படுக்கை வேண்டும். பந்தயத்துக்கு முந்திய இரவுகளில் உறக்கம் கெட்டு, நெஞ்சு படபடத்து, திடலை நினைத்தாலே கை நடுங்கும் ஒரு வீராங்கனைக்கு வேண்டுவது படுக்கை அன்று. தேர்ந்த உளவியல் வல்லுநர் ஒருவர் எதிரே நாற்காலியில் அமர்ந்து வாரம் ஒருமுறை அவளோடு பேச வேண்டும். அது பல வாரங்கள் தொடர வேண்டும். தேவையானால் மருத்துவர் மருந்தும் எழுதித் தருவார். மனத்துக்குரிய சிகிச்சையின் பெரும்பகுதி நாற்காலியில் நடக்கிறது. காப்பீட்டின் பணமோ படுக்கையில் கிடக்கிறது. இரண்டுக்கும் இடையில் வீரர் நிற்கிறார்.

அமெரிக்க நாட்டின் 2008ஆம் ஆண்டுச் சட்டத்தை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். குழுக் காப்பீட்டுத் திட்டம் மனநோய்க்கும் பணம் தருமானால், மருத்துவரைக் காண வரும் தடவைகளின் எண்ணிக்கை முதலிய வரம்புகளில் உடல்நோயைக் காட்டிலும் மனநோய்க்குக் கடுமை கூடாது என்பது அதன் சாரம். அங்கே காப்பீடு புறநோயாளிச் செலவையும் பொதுவாக ஏற்பதால், சமம் என்ற சொல் நாற்காலியையும் எட்டுகிறது. இங்கே எட்டவில்லை. சொல் ஒன்றே, அது நிற்கும் நிலம் வேறு.

பணி ஓய்வு பெறுவதற்குச் சற்று முன் நான் அறிந்த ஓர் இளைஞரின் செய்தியை இவ்விடத்தில் சொல்ல வேண்டும். பெயரும் ஊரும் வேண்டா. பள்ளியில் என்னிடம் உடற்பயிற்சி பயின்றவர். கபடியில் பாடிச் செல்வதில் வல்லவராகி, தனியார் அணியொன்றில் சம்பளம் பெற்று ஆடினார். முடிவை நிருணயிக்கும் ஆட்டம் ஒன்றில் கடைசிப் பாட்டில் பிடிபட்டார், அணி தோற்றது. அதன் பின் நடுக்கோட்டைத் தாண்டும்போதெல்லாம் அவருக்கு மூச்சு முட்டியது. முழங்கால் வலிக்கிறது என்று எல்லாரிடமும் சொன்னார். மருத்துவமனையில் ஒருநாள் சேர்த்து, சிறு துளையிட்டு மூட்டுக்குள் நோக்கினர். அந்தச் செலவு முழுவதையும் காப்பீட்டு நிறுவனம் கொடுத்தது. மூட்டில் ஒரு குறையும் இல்லை. அந்த மருத்துவர் நல்லவர். அறிக்கையை மூடி வைத்துவிட்டு, "தம்பி, இரவில் தூக்கம் வருகிறதா?" என்று மட்டும் கேட்டாராம். இளைஞர் அழுதுவிட்டார்.

பின்னர் மனநல மருத்துவரிடம் வாரந்தோறும் சென்றார். நான்கு வாரங்களில் முகம் தெளியத் தொடங்கியது. செலவுச் சீட்டுகளை நிறுவனத்துக்கு அனுப்பினார். மருத்துவமனையில் தங்காமையால் தொகை தருவதற்கில்லை என்று பணிவான மொழியில் விடை வந்தது. அக்கடிதத்தை நான் படித்தேன். பத்திரத்தின்படி அது முற்றிலும் சரி. ஐந்தாம் வாரத்தோடு அவர் போவதை நிறுத்தினார். அந்தப் பருவம் முழுவதும் ஆடவில்லை. அவருடைய தமக்கை தம் வளையலை அடகு வைத்த பிறகே சிகிச்சை தொடர்ந்தது. குறையில்லாத முழங்காலுக்குப் பணம் கிடைத்தது. நோயுற்ற மனத்துக்குக் கிடைக்கவில்லை. டிரெஸ்கோதிக்கின் மனத்துயருக்குக் கிருமியின் பெயர் சூட்டப்பட்டது. இந்த இளைஞர் தம் துயருக்கு முழங்காலின் பெயரைச் சூட்டினார். இத்தகைய பத்திரங்கள் அந்தப் பொய்க்குப் பரிசும் கொடுத்துவிடுகின்றன.

இரண்டாவது குறை ஒன்றும் உண்டு. சட்டம் மனநோய் என்று எதனைக் கூறுகிறது? சிந்தனை, மனநிலை, நினைவு முதலியவற்றில் ஏற்பட்ட பெருங்கோளாறு, வாழ்க்கையின் அன்றாடத் தேவைகளைச் சமாளிக்கும் ஆற்றலையே கடுமையாகக் குலைப்பதாக இருத்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. நோயாளியைக் காக்கும் சட்டத்துக்கு அவ்வாறான எல்லை தேவைதான். ஆனால் விளையாட்டு வீரரின் மனத்துயர் அந்த எல்லையை எட்டுவதற்கு நெடுநாள் முன்பே அவர் தொழிலைக் கெடுத்துவிடுகிறது. ஓய்வின்றி உழைத்ததால் உள்ளம் வறண்டு போகும் நிலை ஒன்று உண்டு. உலக சுகாதார நிறுவனம் தன் புதிய நோய்ப் பட்டியலில் அதனைத் தொழில் சார்ந்த நிகழ்வு என்று குறித்திருக்கிறதே ஒழிய, நோய் என்று குறிக்கவில்லை. நோய் அல்லாததற்குப் பணம் இல்லை. கூரை ஒழுகும்போது உதவாமல் சுவர் இடிந்த பின்னரே உதவுவேன் என்பது போன்றது இது.

மூன்றாவது, மறைவு பற்றியது. காப்பீடு எடுக்கும்போது நம் பழைய நோய்களையும் சிகிச்சைகளையும் விண்ணப்பத்தில் உள்ளபடி எழுத வேண்டும். மறைத்தால் பின்னர் தொகை மறுக்கப்படலாம். உண்மையை எழுதினால், முன்பே இருந்த நோய்க்கென்று காத்திருப்புக் காலம் உண்டு. 2024இல் ஆணையம் அதன் உச்ச வரம்பை மூன்று ஆண்டுகளாகக் குறைத்தது. பத்தாண்டே ஆடக்கூடிய ஒருவருக்கு மூன்றாண்டு என்பது எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். அதனினும் பெரியது அச்சம். காப்பீட்டை எடுத்துத் தந்தது அணியின் உரிமையாளர் என்றால், எழுதிய செய்தி அவர் காதுக்கு எட்டுமோ, அடுத்த தேர்வில் பெயர் விடுபடுமோ என்ற அச்சம். சட்டத்தின் 23ஆம் பிரிவு, மனநலம் பற்றிய செய்திகளை மறைவாகக் காக்கும் உரிமையை ஒவ்வொருவருக்கும் வழங்குகிறது. சிகிச்சை பெறுபவரின் படத்தையோ செய்தியையோ அவர் இசைவின்றி ஏடுகளுக்குத் தரலாகாது என்று 24ஆம் பிரிவு தடுக்கிறது. புகழ் பெற்றவர்களுக்கு இது பெருங்கவசம். இக்கவசம் தமக்கு உண்டு என்பதை வீரர்கள் அறிந்திருக்க வேண்டும்.

நான்காவது, களம் விட்டு நீங்கியபின் வரும் காலம். ஒப்பந்தம் முடிந்தால் அணி எடுத்துத் தந்த குழுக் காப்பீடும் அதனோடு முடிவதே வழக்கம். ஆரவாரம் அடங்கி, வருவாய் குறைந்து, தாம் யார் என்ற கேள்வி எழுகின்ற அந்த நாட்களில்தான் துணை வேண்டியிருக்கிறது. ஓய்வு பெற்றவர்களுள் 26 விழுக்காடு என்று முன்னர்ச் சொன்னேன் அல்லவா? குழுப் பத்திரத்திலிருந்து அதே நிறுவனத்தின் தனிப் பத்திரத்துக்கு மாறிக்கொள்ள ஒழுங்குமுறை விதிகளில் வழி உண்டு. கேட்க வேண்டிய நேரத்தில் கேட்டால்தான் அந்த வழி திறக்கும்.

காப்பீட்டு நிறுவனங்களின் பக்கத்தையும் நாம் நேர்மையோடு நோக்க வேண்டும். உடைந்த எலும்பைப் படம் பிடித்துக் காட்டலாம். துயரத்தைப் படம் பிடிக்க முடியாது. எத்தனை வாரம் பேசினால் போதும் என்று யார் சொல்வது? நோய் உடையவர்கள் மட்டுமே இத்தகைய பத்திரத்தைத் தேடி வந்தால் பொதுப்பணம் வற்றிப்போகாதா? இவை வீண் கேள்விகள் அல்ல. ஆனால் விடையில்லாக் கேள்விகளும் அல்ல. ஆண்டுக்கு இத்தனை அமர்வு என்று வரையறுக்கலாம். தகுதி பெற்ற வல்லுநர்களின் பட்டியல் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். ஒரு சங்கத்தைச் சேர்ந்த வீரர் எல்லாரையும் ஒருங்கே குழுவாகச் சேர்த்தால், நோயாளி மட்டுமே வருவார் என்ற அச்சம் தீரும். கூடுதல் பிரீமியம் பெற்றுக்கொண்டு புறநோயாளிச் செலவை ஏற்கும் பத்திரங்கள் நம் நாட்டிலேயே சில வந்துவிட்டன. செய்ய முடியாதது அன்று. செய்யும் மனம் பரவ வேண்டும்.

பிற நாடுகளில் ஆட்டக்காரர் சங்கங்கள் இதற்கு வழி காட்டியிருக்கின்றன. இங்கிலாந்தில் தொழில்முறைக் கிரிக்கெட் வீரர்களின் சங்கம், செய்தி வெளியே போகாத தொலைபேசி உதவியைத் தன் உறுப்பினர்களுக்கு அளிக்கிறது. அமெரிக்கக் கால்பந்து அணிகள் ஒவ்வொன்றும் மனநல வல்லுநர் ஒருவரை அமர்த்த வேண்டும் என்று 2019இல் உடன்பாடு ஆயிற்று. நம் நாட்டிலும் 2021 மே மாதத்தில் இந்திய விளையாட்டு ஆணையம், வீரர்கள், பயிற்சியாளர்கள் முதலிய 13,000க்கு மேற்பட்டவர்களுக்கு ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் மருத்துவக் காப்பீடும், விபத்துக்கும் உயிரிழப்புக்கும் 25 லட்சம் ரூபாய்க் காப்பீடும் அளிக்கப்போவதாக அறிவித்தது. இத்தகைய ஏற்பாடுகளில் மனத்துக்குரிய நாற்காலியையும் சேர்த்துக் கேட்பதே அடுத்த படி.

ஆகவே, நாளைய வீரர்களே, உங்கள் முன் பத்திரம் ஒன்று வைக்கப்படும்போது நான்கு கேள்விகளைக் கேளுங்கள். மருத்துவமனையில் தங்காமல் பெறும் மன ஆலோசனைக்குப் பணம் உண்டா? எந்த நிலையிலிருந்து உண்டு. துயர் முளைக்கும்போதா, முற்றிய பின்னரா? என் செய்தியை அணியில் யார் யார் அறிவர்? நான் ஆட்டத்தை விட்ட மறுநாள் இப்பத்திரம் என்ன ஆகும்? மலையேற்றம், மோட்டார்ப் பந்தயம் போன்றவற்றைத் தொழிலாகக் கொள்வோர் ஐந்தாவது கேள்வியும் கேட்க வேண்டும். அத்தகைய ஆட்டங்களில் தொழில்முறையாக ஈடுபட்டதால் நேரும் சிகிச்சைக்குப் பணம் இல்லை என்னும் விலக்கு, ஆணையம் வகுத்த பொது விலக்குகளிலேயே ஒன்று. அது தம் பத்திரத்தில் உள்ளதா என்று அவர்கள் பார்த்தாக வேண்டும்.

காப்பீடு கைகொடுக்காத இடத்திலும் கதவுகள் அனைத்தும் அடைபடவில்லை. 2022 அக்டோபர் 10ஆம் நாள் நடுவண் அரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் தொலைபேசித் தொண்டு 14416 என்ற எண்ணில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. தமிழிலும் பேசலாம். வீரர்களுக்கு மட்டுமன்று, தேர்வுக்கு முந்திய இரவில் உறக்கம் இழந்த மாணவர்க்கும் அது உரியது.

இறுதியாகப் பார்வையாளர்களாகிய நமக்கு ஒரு சொல். சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாம். பத்திரத்தை நிறுவனம் திருத்தலாம். முழங்கால் என்று பொய் சொல்லத் தேவையில்லாத ஒரு மைதானத்தை நாம்தாம் அமைக்க வேண்டும். உங்கள் பள்ளி அணியில் பந்தைத் தவறவிட்ட தோழன் தலை குனிந்து நிற்கும்போது, கேலிச் சொல் உங்கள் நாவில் வந்து நிற்கும். அதை விழுங்கிவிட்டு, அந்த மருத்துவர் கேட்ட எளிய கேள்வியை அவனிடம் கேளுங்கள். அதற்குப் பிரீமியம் கட்ட வேண்டியதில்லை.